தேவாலாவிலிருந்து கப்பல் பார்க்க: ஏஐஎஸ் நிலையம் மக்கர் செய்தால்

கடலில் போகும் கப்பல், தன் எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போகிறது. இதுதான் ஏஐஎஸ். கூரை மேல் ஓர் ஆன்டெனா வைத்து அதைப் பிடிக்கிறோம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரேடியோ வாங்கி) வழியாக ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிக்குள் விட்டு, ஏஐஎஸ்-கேட்சர் என்ற இலவச மென்பொருளால் பிரித்து, மரைன்டிராஃபிக், ஏஐஎஸ்ஹப் மாதிரியான தளங்களுக்கு அனுப்புகிறோம். எப்படி நிறுவுவது என்று இங்கே சொல்லப் போவதில்லை. எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் ஓடவில்லை, அல்லது நேற்று வரை ஓடியது இன்று படுத்துவிட்டது என்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது நீலகிரியில், கூடலூர் பக்கத்துத் தேவாலாவில். கடற்கரைக்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகள் மலையில் இருக்கும் நமக்குப் பாதிதான் பொருந்தும். அவர்களுக்குக் கடல் வாசலில் கிடக்கிறது. நமக்கு இரண்டு மலைக்கு நடுவே ஒரு சந்து வழியாகத்தான் அது தெரிகிறது.

முதலில் ஒரு வேலை. நிலையம் நன்றாக ஓடும் நாளிலேயே மூன்று எண்களைக் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செய்தி, ஒரு நாளைக்கு எத்தனை கப்பல், அதிகபட்சம் எவ்வளவு தூரம். ஏஐஎஸ்-கேட்சரின் உலாவிப் பக்கத்திலேயே மூன்றும் இருக்கும். டாக்டர் "வழக்கமா உங்களுக்கு பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வேண்டாமா? அது இல்லாமல் "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு கப்பல்கூட வரவில்லை

மென்பொருளைத் தொடுவதற்கு முன், உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏஐஎஸ் போகும் விஎச்எஃப் வகை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கணக்கு எளிது. ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 1000 மீட்டர் உயரம் என்றால் 130 கி.மீ. கப்பலின் ஆன்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு ஒரு 20 கி.மீ. ஆக 150 கி.மீ. தேவாலாவிலிருந்து பேப்பூர்க் கடற்கரை நேர்கோட்டில் 70 கி.மீ. சொச்சம். அதாவது கரையிலிருந்து இன்னும் 80 கி.மீ. உள்ளே போகிற கப்பலும் கணக்குப்படி நமக்குக் கேட்க வேண்டும். கரையில் வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருப்பவர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

ஆனால் இந்தக் கணக்கில் நடுவே மலையே கிடையாது. நிஜத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் பாண்டியாறு, புன்னம்புழா தண்ணீர் இறங்கி, நிலம்பூர் வழியாகச் சாலியாற்றோடு சேர்ந்து பேப்பூரில் கடலுக்குப் போகிறது. தண்ணீர் இறங்கும் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் கப்பலின் சிக்னல் மேலே ஏறி வருகிறது. வடக்கே கொஞ்சம் திரும்பினால் 2339 மீட்டர் வாவுல் மலை குறுக்கே நிற்கும். அதனால் மலைகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளிதான் என் சன்னல், அதில் தெரிவது பேப்பூருக்கும் பொன்னானிக்கும் எதிரே உள்ள கடல்தான். 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்தில் போகும் சரக்குக் கப்பல் அதைக் கடக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அப்புறம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். "கப்பல் நடுக்கடலில் காணாமல் போகுது, ஏதோ கோளாறு" என்று பயப்பட வேண்டாம், அது வாவுல் மலையின் வேலை.

ஊட்டி நகரம் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்களை விட இரண்டு மடங்கு. கணக்குப்படி 195 கி.மீ. பாய வேண்டும். ஆனால் நகரம் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே முக்கூர்த்தி வரிசை 2500 மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி நிற்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் சமவெளியைப் பார்த்திருப்பவை. அங்கே எத்தனை விலை கொடுத்து ஆன்டெனா வாங்கினாலும் கோயம்புத்தூர்தான் கேட்கும். இதை நேரடியாகச் சொல்லிவிடுவதே நல்லது: அந்தப் பக்கத்துக்காரர்கள் டாங்கிளை வைத்து விமானங்களின் சிக்னலைப் பிடியுங்கள், ஏமாற்றம் இருக்காது. பழனி மலையில் கொடைக்கானலின் தெற்கு விளிம்பில், கோக்கர்ஸ் வாக் மாதிரிச் சமவெளி தெரியும் இடத்தில் வீடு இருந்தால் கதை வேறு. 2100 மீட்டர் உயரம், தூத்துக்குடி சுமார் 180 கி.மீ. கணக்கு எட்டிப் பிடிக்கிறது. ஆனால் நடுவே ஆண்டிபட்டி, வருசநாட்டு மலைகள் எங்கே குறுக்கே வருகின்றன என்று பார்த்துவிட்டே காசைப் போடுங்கள். கூகுள் எர்த்தில் வீட்டிலிருந்து துறைமுகம் வரை ஒரு கோடு இழுத்து, உயர வரைபடத்தைக் காட்டச் சொன்னால் போதும். பூமியின் வளைவை அது சேர்க்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, சன்னல் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. இப்போது டாங்கிள். எஃப்எம் வானொலி நிலையம் ஒன்றை அதில் கேட்டுப் பாருங்கள். பாட்டு வந்தால் டாங்கிளுக்கு உயிர் இருக்கிறது. சாதனமே காணோம் என்று பிழை வந்தால், லினக்ஸ் அதை டிவி டாங்கிள் என்று நினைத்துத் தன் டிரைவரை மாட்டிக்கொண்டிருக்கும். அந்த டிரைவரைத் தடைப் பட்டியலில் போட்டு மறுதொடக்கம் செய்தால் சரியாகும். விண்டோஸில் சாடிக் என்ற சிறு மென்பொருளால் டிரைவரை மாற்ற வேண்டும்.

அடுத்தது பிபிஎம், அதாவது டாங்கிளின் அலைவரிசை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்ற அளவு. மலிவு டாங்கிளின் படிகம் 50 பிபிஎம் வரை தவறாக இருக்கலாம். 162 மெகாஹெர்ட்ஸில் அது 8 கிலோஹெர்ட்ஸ். ஏஐஎஸ் அலைவரிசையின் அகலமே 25 தான். பலமான சிக்னல் என்றால் மென்பொருள் சமாளித்துவிடும், நம் சிக்னலோ 100 கி.மீ. தாண்டிக் களைத்து வருவது. அரை மணி நேரம் டாங்கிளைச் சூடாக விட்டு, பிபிஎம் மதிப்பை −60-லிருந்து +60 வரை பத்துப் பத்தாக மாற்றி, ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு செய்தி விழுந்துவிட்டால் போதும், எவ்வளவு விலகல் என்று ஏஐஎஸ்-கேட்சரே காட்டும்.

ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். சிரிக்காதீர்கள். பழைய தூர்தர்ஷன் கம்பத்தில் பழைய வழக்கப்படி படுக்கை வாட்டில் கட்டிவிட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கால் அலை ஆன்டெனா என்றால் கம்பி 44 செ.மீ. போல இருக்கும், அரை அலை என்றால் அதன் இரட்டிப்பு. கம்பத்தின் உச்சியில் ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தால், அதற்குக் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் பயஸ்-டீ போடப்பட்டிருக்கிறதா பாருங்கள். மின்சாரம் போகாத ஆம்ப்ளிஃபையர் பூட்டு மாதிரி, சிக்னலை உள்ளேயே விடாது.

இத்தனை செய்தும் ஒன்றும் வரவில்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். மடிக்கணினி, டாங்கிள், அதோடு வந்த குட்டி ஆன்டெனா மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு நாடுகாணிச் சுரம் இறங்கி பேப்பூருக்குப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். கடற்கரையில் உட்கார்ந்து இயக்கினேன், மூன்றாவது நிமிடமே திரை நிரம்பிவிட்டது. ஆக, டாங்கிள் சரி, மென்பொருள் சரி, அமைப்புகள் சரி. கோளாறு கேபிளிலோ கம்பத்திலோதான். மீன் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பி வந்து கேபிளை மாற்றினேன், வேலை முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து பத்து நாள் தலையைச் சொறிந்ததை விட அந்தப் பேருந்துக் கட்டணம் மலிவு.

மழைக்குப் பிறகு பாதியாகிவிட்டது

கேபிளுக்குள் தண்ணீர். தேவாலா மழையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இங்கே தண்ணீர் மேலிருந்து மட்டும் பெய்வதில்லை, மேகம் பக்கவாட்டில் நடந்து வந்து இணைப்புக்குள் புகும்.

ஆன்டெனாவின் அடியில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பின்னல் செம்பாக இருந்தால் பச்சை பூத்திருக்கும், அலுமினியம் என்றால் சாம்பல் பொடியாக உதிரும். கேபிளை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள், மேலும் ஒரு சாண் வெட்டுங்கள். போன ஆடியில் நான் வெட்டிக்கொண்டே போனேன், இரண்டேகால் மீட்டர் தாண்டித்தான் பளிச்சென்ற உலோகம் வந்தது. நுனியைக் கீழே தொங்கவிட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்ளே இருக்கும் பின்னல் திரி போல உறிஞ்சிக் கீழே கொண்டுவந்திருக்கிறது. காய வைத்தால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம், அந்தக் கேபிள் போனது போனதுதான்.

புதுக் கேபிள் வாங்கும்போது, டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி 6 போதும். 75 ஓம் கேபிளை 50 ஓம் டாங்கிளுக்கு மாட்டலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. அந்தப் பொருத்தமின்மையால் போவது அரை டெசிபெல்கூட (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) இல்லை. மாறாக, 'சரியான' 50 ஓம் என்று மெல்லிய ஆர்ஜி 58 வாங்கினால் 20 மீட்டரில் சுமார் 4 டெசிபெல் போய்விடும். ஆர்ஜி 6-இல் அதில் பாதிகூடப் போகாது.

கனெக்டர் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் வழிய வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், தண்ணீர் வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும்.

மழை இல்லாமலே குறைந்திருந்தால் குரங்கைச் சந்தேகியுங்கள். கேபிளைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டாமல் விட்டால் அவற்றுக்கு அது ஊஞ்சல்.

விநாடிக்கு ஒரு தரம் கோடு விழுகிறது

டாங்கிளின் அலைக்காட்சியை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று வரிவரியாக நகரும் படம்) திரையில் ஓடவிட்டால், ஒரே சீராக, விநாடிக்கு ஒன்று வீதம், திரை முழுக்கக் கிடைமட்டக் கோடு வருகிறதா? அது யானை வேலி. சோலார் வேலியின் கருவி சுமார் விநாடிக்கு ஒரு முறை உயர் மின்னழுத்தத் துடிப்பை அனுப்பும். ஈரமான உண்ணிச்செடி கம்பியைத் தொட்டால் அந்த இடத்தில் சின்னப் பொறி பறக்கும். பொறி என்றால் எல்லா அலைவரிசையிலும் இரைச்சல்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனேன். "அண்ணே, வேலியை ஒரு பத்து நிமிஷம் நிறுத்திப் பார்க்கலாமா?" என்றேன்.

"நிறுத்தலாம். பெரியவர் வந்தா நீ போய்க் குறுக்க நிக்கிறியா?" என்றார். யானையை எங்கள் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.

பகல் பதினோரு மணிக்கு நிறுத்தினார். கோடுகள் மறைந்தன, செய்திகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது. வேலிதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் இடிக்கிறது. ஏஐஎஸ்-இல் ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். விநாடிக்கு 37 துண்டு. வேலியின் துடிப்பு கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவு, கெட்டால் ஒன்று இரண்டு துண்டுதான் கெட வேண்டும். பாதி எப்படிப் போகும்?

டாங்கிளின் கெயின், அதாவது சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்ற அமைப்பு, தானியங்கியில் இருந்தது. ஒவ்வொரு பொறிக்கும் பயந்து அது காதைப் பொத்திக்கொண்டு, மெதுவாகத் திறந்து, திறக்கும்போது அடுத்த பொறி. கெயினைக் கையால் நிறுத்தி வைத்தேன். 30-இல் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டி, எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினேன். வேலி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை திரும்பிவிட்டது. கோடுகள் இன்னும் விழுகின்றன, விழட்டும். அண்ணனுக்கும் லாபம்தான். எந்த இடத்தில் செடி தொட்டு மின்சாரம் கசிகிறது என்று பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து வேலி ஓரமாக நடந்து கண்டுபிடித்துக் கொடுத்தேன், அரிவாளோடு வந்து வெட்டிவிட்டார்.

விட்டுவிட்டு வரும் கோடு இல்லாமல், திரை முழுக்க மாலை ஆறு மணிக்கு மேல் மங்கலாக வெளுத்தால் அது எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் வகையறா. அதே டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பொருளாக அருகே கொண்டுபோங்கள். இரைகிறதைக் கழற்றுங்கள்.

ராஸ்பெர்ரி பை அடிக்கடி செத்துவிடுகிறது

மின்சாரம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மொபைல் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகும்போதெல்லாம் அது திணறும். திரையை இணைத்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். நல்ல அடாப்டர் வாங்குவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் மெமரி கார்டு ஆறு மாதத்தில் கெட்டுப்போவதும் சாதாரணம். ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் பையையும் சேர்த்து வையுங்கள், கார்டின் நகல் ஒன்றை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

வீட்டில் கப்பல் தெரிகிறது, தளத்தில் நிலையம் 'ஆஃப்லைன்'

ஆன்டெனாவைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. பெரும்பாலான தளங்கள் யுடிபி வழியாக வாங்குகின்றன. யுடிபி என்பது தபால் பெட்டியில் கார்டு போடுவது மாதிரி, போய்ச் சேர்ந்ததா என்று யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் பக்கம் எந்தப் பிழையும் காட்டாது. அதனால் தளம் கொடுத்த முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி எண் தருவது வழக்கம், இரண்டு தளங்களின் எண்ணை மாற்றிப் போட்டால் இரண்டுமே ஊமையாகிவிடும். நான் 5-ஐ 6 என்று அடித்துவிட்டு மூன்று நாள் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டியதில்லை, நாம் அனுப்புகிறோம், அவ்வளவுதான். வேறு தளத்திலிருந்து எடுத்த தரவை உங்கள் நிலையத்தின் பெயரில் அனுப்பாதீர்கள். தேவாலாவுக்குச் சிங்கப்பூர்க் கப்பல் கேட்டால் அவர்களுக்குப் புரியாமல் போகாது.

பெயர் இல்லை, எண் மட்டும் வருகிறது

கோளாறு இல்லை. ஓடும் கப்பல் தன் இடத்தைச் சில விநாடிக்கு ஒரு முறை சொல்லும், பெயரையும் போகும் ஊரையும் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறைதான் சொல்லும். அந்தச் செய்தி இரண்டு துண்டு நீளம் என்பதால் பலவீனமான சிக்னலில் சிதைய வாய்ப்பும் அதிகம். காத்திருங்கள். எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கொடி. இடமே காட்டாத கப்பல் என்றால், அட்சம் 91, தீர்க்கம் 181 என்று அனுப்புகிறதா பாருங்கள். 'என் இடம் எனக்கே தெரியாது' என்று ஏஐஎஸ் மொழியில் அதற்கு அர்த்தம்.

ஆனி மாதம் கப்பல் குறைந்துவிட்டது, ஒரு நாள் திடீரென்று 400 கி.மீ. வருகிறது

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு மீன்பிடித் தடை, 52 நாள். ஏஐஎஸ் வைத்த படகுகள் அத்தனையும் துறைமுகத்தில் கிடக்கும். பேப்பூரிலிருந்து இலட்சத்தீவுக்குப் போகும் சிறு கலங்களும் மழைக்காலத்தில் ஓடாது. பெரிய கப்பல்களின் எண்ணிக்கையை மட்டும் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். அது குறையவில்லை என்றால் எதையும் கழற்ற வேண்டாம்.

400 கி.மீ. வந்தால் அது வானிலை. கடல் மேல் காற்று அடுக்கடுக்காகப் படிந்து குழாய் மாதிரி அலையைக் கொண்டுவந்திருக்கிறது. நாளை இருக்காது.

இன்னொன்று மலைக்காரர்களுக்கே உரியது. கப்பல்கள் ஒன்றையொன்று கேட்டு, 'இந்தத் துண்டு எனக்கு, அது உனக்கு' என்று பிரித்துக்கொள்கின்றன. 150 கி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று கேட்பதில்லை, அதனால் ஒரே துண்டில் இரண்டும் பேசும். கடல்மட்டத்தில் இருப்பவருக்கு ஒன்றுதான் கேட்கும். மேலே இருக்கும் நமக்கு இரண்டும் சேர்ந்து விழும், இரண்டும் கெடும். நெரிசலான நாளில் சில செய்திகள் விழாமல் போவது அதனால்தான். கம்பத்தை இன்னும் உயர்த்தினால் அது தீராது.

இடி இடிக்கும் மாதங்களில்

சித்திரை, வைகாசி மதியங்களிலும் ஐப்பசி மாலைகளிலும் மேகம் கறுத்தால், சன்னலுக்கு வெளியே கேபிளைக் கழற்றித் தொங்கவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கையை வைக்காதீர்கள், முன்பே செய்யுங்கள். மேசை மேல் வைத்த கனெக்டர் கழற்றியதாகாது, அது சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். நிலையம் 'ஆஃப்லைன்' என்று தளத்திலிருந்து மின்னஞ்சல் வரும். வரட்டும். மழை விட்டதும் மாட்டும்போது கனெக்டருக்குள் ஒரு முறை ஊதிவிட்டு மாட்டுங்கள், எறும்பு குடியேறியிருக்கும்.